கைதட்டல் ஓயும் முன்பே கைவிடப்பட்ட போன்!

உங்கள் போனில் ஒரு செயலியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து வெளியே வர என்ன செய்வீர்கள்? திரையின் ஓரத்தில் விரலை வைத்து ஒரு தள்ளு. அவ்வளவுதான், முகப்புத் திரை வந்துவிடும். பட்டன் எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைகூட யோசிக்காமல் இதைச் செய்கிறது. ஐபோனில் இந்த வசதி 2017-ல் ஐபோன் எக்ஸ் மூலம்தான் வந்தது. ஆண்ட்ராய்டில் அதற்கும் பிறகு.

ஆனால், முன்பக்கத்தில் ஒரு பட்டன்கூட இல்லாமல், விரலால் தள்ளியே முழு போனையும் இயக்கலாம் என்று 2011-லேயே ஒரு நிறுவனம் மேடையேறிக் காட்டியது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 'இதைத்தான் இத்தனை நாளாகக் கேட்டோம்' என்று கொண்டாடினார்கள். ஆனால், அந்த போனுக்கு எதிர்காலம் இல்லை என்று அதைச் செய்த நிறுவனம் நான்கு மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டிருந்தது.

'மறக்க முடியாத மொபைல் அறிமுகங்கள்' வரிசையில் இந்த வாரம் அந்த போன்தான். பெயர், நோக்கியா என்9. அதைக் கைதட்டி வரவேற்றவர்களும் ரசிகர்கள்தான், அதே வாரத்தில் கொதித்தெழுந்தவர்களும் அதே ரசிகர்கள்தான். போன் நன்றாக இல்லை என்பதல்ல அவர்களுடைய கோபம். இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் கைவிட்டீர்கள் என்பதுதான் கோபம்!

எரியும் மேடை

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 2010 செப்டம்பரில் நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரியாக ஸ்டீபன் ஈலோப் பொறுப்பேற்றார். கனடாக்காரர். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வந்தவர். பின்லாந்தைச் சேராத ஒருவர் நோக்கியாவின் தலைமைக்கு வந்தது அதுதான் முதல் முறை.

அப்போதும் உலகிலேயே அதிகமாக போன் விற்கும் நிறுவனம் நோக்கியாதான். ஆனால், ஸ்மார்ட்போன் பக்கம் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஐபோன், இன்னொரு பக்கம் ஆண்ட்ராய்டு. நோக்கியாவின் சிம்பியன் மென்பொருள் பட்டன் போன் காலத்துக்காகச் செய்யப்பட்டது. டச் ஸ்கிரீனை அதன் மேல் ஒட்டவைத்தார்கள். ஒட்டவைத்தது ஒட்டவைத்த மாதிரியே இருந்தது.

சிம்பியனுக்குப் பதிலாக நோக்கியா கையில் இன்னொரு ஆயுதம் இருந்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மேமோ. 2005-ல் நோக்கியா 770 என்ற டேப்லெட் போன்ற கருவியில் தொடங்கி, 2009-ல் என்900 போன் வரை அது வளர்ந்திருந்தது. 2010 பிப்ரவரியில் இன்டெல்லின் மோப்ளின் மென்பொருளோடு இதை இணைத்து 'மீகோ' என்று பெயர் வைத்தார்கள். கம்ப்யூட்டர் ஆர்வலர்கள், புரோகிராமர்கள், 'என் போனில் நான் நினைத்ததைச் செய்ய வேண்டும்' என்கிற பிடிவாதக்காரர்கள் எனச் சின்ன ஆனால் தீவிரமான ஒரு ரசிகர் கூட்டம் இதைச் சுற்றி உருவாகியிருந்தது. நோக்கியாவை மீகோ காப்பாற்றும் என்று அவர்கள் நம்பினார்கள்.

2011 பிப்ரவரி தொடக்கத்தில் ஊழியர்களுக்கு ஈலோப் எழுதிய ஒரு கடிதம் வெளியே கசிந்தது. வடகடலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடை. அதில் வேலை செய்பவர் வெடிச்சத்தம் கேட்டு எழுந்திருக்கிறார். மேடை முழுக்கத் தீ. நின்றால் எரிந்துவிடுவார், குதித்தால் கீழே உறையவைக்கும் குளிர்ந்த கடல். அவர் குதித்தார், பிழைத்தார். நோக்கியாவும் அப்படி ஒரு மேடையில்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தார் ஈலோப். இந்த வேகத்தில் போனால் 2011 முடிவதற்குள் ஒரே ஒரு மீகோ போனைத்தான் சந்தைக்குக் கொண்டுவர முடியும் என்ற கவலையும் அதில் இருந்தது.

குதிக்க வேண்டிய கடல் எது என்பது பிப்ரவரி 11 அன்று லண்டனில் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மரும் ஈலோப்பும் ஒரே மேடையில் நின்றார்கள். இனி நோக்கியாவின் முக்கிய ஸ்மார்ட்போன் மென்பொருள் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார்கள். அன்று நோக்கியாவின் பங்கு விலை சுமார் 14 சதவிகிதம் சரிந்தது. பின்லாந்தில் ஊழியர்கள் பலர் வேலையைப் பாதியில் விட்டு வெளியே நடந்து தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். மீகோவுக்கு ஒரு வரி ஆறுதல் மட்டும் கிடைத்தது. அந்த ஆண்டுக்குள் ஒரு மீகோ போன் வெளிவரும்.

அந்த ஒரு போன்தான் என்9.

சிங்கப்பூரில் ஒரு செவ்வாய்க்கிழமை

2011 ஜூன் 21. சிங்கப்பூரில் நோக்கியா கனெக்‌ஷன் நிகழ்ச்சி. உண்மையைச் சொன்னால் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. கைவிட்ட மென்பொருளில் கடமைக்கு ஒரு போனைக் காட்டிவிட்டுப் போவார்கள் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

வடிவமைப்புப் பிரிவின் தலைவர் மார்கோ அஹ்திசாரி என்9-ஐக் கையில் எடுத்தபோது அந்த எண்ணம் மாறியது. (இவர் பின்லாந்தின் முன்னாள் அதிபரும், 2008-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான மார்ட்டி அஹ்திசாரியின் மகன்.)

பார்த்தவுடன் கண்ணை இழுத்தது உடல்தான். ஒரே துண்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் குடைந்து எடுத்தது மாதிரி இருந்தது. கறுப்பு, நீலம், மெஜந்தா என மூன்று நிறங்கள். நிறம் மேலே பூசியதல்ல, பிளாஸ்டிக்கிலேயே கலந்தது. அதனால் கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான் தெரியும். இன்னொரு லாபமும் இருந்தது. உலோக உடல் சிக்னலைத் தடுக்கும், பிளாஸ்டிக் தடுக்காது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐபோன் 4-ஐ ஒரு மாதிரி பிடித்தால் சிக்னல் குறைகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. அதனால் இந்த விஷயம் ரசிகர்களுக்குச் சட்டென்று உறைத்தது.

திரை 3.9 அங்குல அமோலெட். கண்ணாடி ஓரங்களில் லேசாக வளைந்து இறங்கும். இது அழகுக்காக மட்டும் செய்ததல்ல. போனின் ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுக்கும்போது எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், அதற்காகத்தான் அந்த வளைவு. முழு போனும் அந்த ஒரு இழுப்பை நம்பித்தான் செய்யப்பட்டிருந்தது. எந்தச் செயலியில் இருந்தாலும் ஓரத்திலிருந்து ஒரு இழுப்பு, முகப்புக்கு வந்துவிடலாம். முகப்பு என்பதும் ஒன்றல்ல, மூன்று. ஒன்றில் வந்திருக்கும் அழைப்புகள், மெசேஜ்கள். அடுத்ததில் எல்லாச் செயலிகளும். மூன்றாவதில் திறந்து வைத்திருக்கும் செயலிகள் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வரிசைகட்டி நிற்கும். ராட்டினம் மாதிரி மூன்றையும் சுற்றிச் சுற்றி வரலாம்.

போன் தூங்கும்போதும் திரையில் மணி மங்கலாகத் தெரியும். அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளிரும், கறுப்பாக இருக்கும் புள்ளி மின்சாரத்தை எடுக்காது. அதனால் கடிகாரத்துக்கு வேண்டிய சில புள்ளிகளை மட்டும் எரியவைப்பதில் பேட்டரிக்குப் பெரிய செலவில்லை. திரையை இரண்டு முறை தட்டினால் போன் விழித்துக்கொள்ளும். இன்றைக்கு இதெல்லாம் பல போன்களில் இருக்கிறது. 2011-ல் இது புதுசு!

ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

முதல் ரகம், மெய்சிலிர்த்தவர்கள். இவர்கள்தான் அதிகம். டச் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்ட நேரத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்திருக்கிறார் என்ற சந்தோஷம். நோக்கியாவை ஒரு வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்த தொழில்நுட்ப இதழ்கள்கூட அன்று பாராட்டித்தான் எழுதின.

இரண்டாவது ரகம், என்900 வைத்திருந்த பழைய தலைகள். வீட்டுக்கு வந்த புது மருமகளை மாமியார் பார்ப்பது போல இவர்கள் என்9-ஐப் பார்த்தார்கள். 'எல்லாம் சரி, கீபோர்டு எங்கே?' என்900-ல் திரையை நகர்த்தினால் அடியிலிருந்து முழு கீபோர்டு வெளியே வரும். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் கமாண்ட் அடிப்பது போல அதிலும் அடிக்கலாம். அதுதான் அவர்களுக்கு உயிர். அவர்களின் வயிற்றெரிச்சலைக் கூட்டுவது மாதிரி நோக்கியா இன்னொன்றையும் செய்தது. கீபோர்டு வைத்த என்950 என்ற போனையும் உருவாக்கி, அதைச் செயலி எழுதும் புரோகிராமர்களுக்கு மட்டும் கொடுத்தது. கடைக்கு அது வரவே இல்லை. பேட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்டு போட இடமில்லை என்ற புகார்களும் இவர்களிடமிருந்துதான் வந்தன.

மூன்றாவது ரகம், எண் கணக்குப் பார்ப்பவர்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட சாம்சங் கேலக்ஸி எஸ்2-ல் டூயல் கோர் பிராசஸர். என்9-ல் இருந்ததோ 1 கிகாஹெர்ட்ஸ் சிங்கிள் கோர். 'பழைய இன்ஜினை வைத்துப் புது கார் விற்கிறார்கள்' என்ற தொனியில் இவர்கள் பேசினார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால், கையில் எடுத்துப் பார்த்தவர்களின் கவனம் விரலோடு சேர்ந்து நகரும் திரையில்தான் இருந்தது. எண் பட்டியல் சண்டை இன்றைக்கும் ஒவ்வொரு போன் அறிமுகத்திலும் நடக்கிறது. அதில் ஜெயித்தவர் யாரும் இதுவரை இல்லை.

நான்காவதாக ஒரு தமாஷான கூட்டம். 'இது உண்மையான மீகோவே இல்லை' என்று வாதாடியவர்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. உள்ளே ஓடியது அடுத்த தலைமுறை மேமோவாகத் தொடங்கிய மென்பொருள். மேமோ பதிப்புகளுக்குக் காற்றின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இதன் பெயர் ஹர்மட்டான், மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராவின் புழுதியைச் சுமந்துகொண்டு வீசும் வறண்ட காற்று. அதன் மேல் மீகோ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். போன் சாகப்போகிறதா பிழைக்கப்போகிறதா என்று தெரியாத நேரத்தில் பெயருக்குச் சண்டை போடுவது வெளியே இருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ரசிகர்கள் என்றால் அப்படித்தான்.

இந்த நான்கு ரகத்துக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருந்தது. இவ்வளவு நல்ல போனைச் செய்ய முடிகிறது என்றால், பிப்ரவரியில் எடுத்த முடிவை மாற்றுவார்களா? அன்று இரவு பலர் அந்த நம்பிக்கையோடுதான் தூங்கப்போயிருப்பார்கள்.

கேமராவை ஆஃப் பண்ணுங்க!

பதில் சில நாள்களிலேயே வந்தது. அதுவும் விநோதமான வழியில்.

நோக்கியா ஊழியர்கள் கூட்டம் ஒன்றில் ஈலோப் பேசினார். இது ரகசியம், கேமராக்களை எடுத்து வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, ஒரு புது போனைக் காட்டினார். 'சீ ரே' என்ற ரகசியப் பெயர் கொண்ட விண்டோஸ் போன். அந்தக் காட்சி வீடியோவாக வெளியே வந்துவிட்டது. பார்த்த ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். ஏனென்றால், அது என்9-தான்! அதே உடல், அதே வளைந்த கண்ணாடி. பக்கவாட்டில் கேமராவுக்கு ஒரு பட்டன் கூடியிருந்தது, பின்னால் ஃப்ளாஷ் இடம் மாறியிருந்தது. உள்ளே மட்டும் விண்டோஸ்.

ஒரு வீட்டில் பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவையை, அவள் கட்டிய அதே வாரத்தில் வாங்கி இன்னொருத்திக்குக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவர்களுக்கு. வீடியோ வேண்டுமென்றே கசியவிடப்பட்டது என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. ஆனால், சந்தேகப்படும் அளவுக்கு நிறுவனத்துக்கும் ரசிகர்களுக்கும் இடையே நம்பிக்கை உடைந்துவிட்டிருந்தது.

அடுத்த அடி பின்லாந்திலிருந்தே வந்தது. அந்த நாட்டின் முன்னணி நாளிதழான ஹெல்சிங்கின் சனோமாட்டுக்கு அளித்த பேட்டியில், என்9 வெற்றி பெற்றாலும் நோக்கியா மீகோவுக்குத் திரும்பாது என்று ஈலோப் தெளிவாகச் சொல்லிவிட்டார். விற்பனைக்கு வரும் நேரத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய பெரிய சந்தைகள் என்9 பட்டியலில் இல்லை. அங்கிருந்த ரசிகர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வாங்க வேண்டியிருந்தது.

சொந்தத் தலைவரே 'இதை வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை' என்கிற மாதிரி பேசிய பிறகு, புதிதாகச் செயலி எழுத எந்த புரோகிராமர் வருவார்? அதிகம் எரிச்சலடைந்தது அவர்கள்தான். 'க்யூட்' என்ற மென்பொருள் கருவியை நோக்கியா 2008-ல் விலைக்கு வாங்கியிருந்தது. அதில் ஒரு முறை எழுதினால் சிம்பியன், மீகோ இரண்டிலும் ஓடும், அதனால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வருடக்கணக்கில் ஊக்கப்படுத்தியது. நம்பிப் பலர் கற்றுக்கொண்டார்கள், தங்கள் சிறு நிறுவனங்களை அதை நம்பி நடத்தினார்கள். விண்டோஸ் போனில் க்யூட் ஓடாது. ஒரு கையெழுத்தில் அவர்கள் கற்றதெல்லாம் நோக்கியாவுக்கு வேண்டாததாகிவிட்டது.

இதில் ஈலோப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அப்போதே லட்சக்கணக்கில் செயலிகள் இருந்தன. ஒரு நல்ல போனை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு மோத முடியாது என்பது அவர் கணக்கு. அதில் தப்பில்லை. மீகோ குழுவின் வேகமும் பெருமைப்படும்படி இல்லை. ஆண்டுக்கு ஒரு போன் என்றால் எந்த நிறுவனமும் பிழைக்காது. ஆனால், செயலிகள் இல்லை என்று சொல்லி மீகோவை விட்டவர், அதே செயலிகள் இல்லாத விண்டோஸ் போனில் போய் ஏறினார் என்பதுதான் ரசிகர்களுக்குப் புரியாத கணக்கு. இன்று பின்னோக்கிப் பார்க்கும்போது, அந்த விஷயத்தில் ரசிகர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருக்கிறது.

வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

எல்லாம் தெரிந்தும் வாங்கினார்கள் பலர். 2011 செப்டம்பர் கடைசியில் என்9 கடைகளுக்கு வந்தது. அதே வாரத்தில் இன்டெல், மீகோவை விட்டுவிட்டு சாம்சங்குடன் சேர்ந்து டைசன் என்ற புது மென்பொருளுக்குப் போவதாக அறிவித்தது. கடைக்கு வந்த வாரத்திலேயே போனின் மென்பொருளுக்கு இரண்டு பெற்றோரும் இல்லை!

நம் ஊர் வீடுகளுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம். அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப் பரவிக்கொண்டிருந்தது. என்9-க்கு அதிகாரபூர்வ வாட்ஸ்அப் வரவில்லை. ரசிகர்களே உட்கார்ந்து 'வாஸாப்' என்ற செயலியை எழுதி, அதன் வழியாக வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தினார்கள். வாட்ஸ்அப் தரப்பில் ஏதாவது மாறினால் இது நின்றுபோகும், மறுபடி சரிசெய்ய வேண்டும். வீட்டில் எல்லோரும் குழுவில் பேசிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மெசேஜ் வரவில்லை என்று போனை நோண்டிக்கொண்டிருக்கும் நிலை. இன்னும் சிலர் என்9-க்குள் ஆண்ட்ராய்டையே ஏற்றிப் பார்த்தார்கள். ரசிகர்களுக்கு இது விளையாட்டு. ஆனால், அழகாக இருக்கிறதே என்று கடையில் பார்த்து வாங்கிய சாதாரண வாடிக்கையாளர்? அவருக்கு இது பணத்தை முடக்கிய கதை.

நோக்கியாவுக்குள் மிச்சமிருந்த குழு மட்டும் கடைசி வரை கடமையைச் செய்தது. சில பெரிய அப்டேட்களைக் கொடுத்தது. 2012 கோடையில் வந்த 1.3 பதிப்புதான் கடைசி. அதோடு சரி.

சரி, விண்டோஸ் பக்கம் போனவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? 2011 அக்டோபர் 26 அன்று லண்டனில் லூமியா 800 அறிமுகமானது. ஈலோப் காட்டிய அதே 'சீ ரே'. என்9-ன் உடலோடு வந்த அந்த போனையும் பலர் ஆசையாக வாங்கினார்கள். எட்டே மாதம். 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தது. இப்போது கையில் இருக்கும் லூமியா போன்கள் எதற்கும் அது கிடைக்காது என்றும் சொன்னது. அந்த ஏப்ரலில்தான் அமெரிக்காவில் பெரிய விளம்பரத்தோடு லூமியா 900 வந்திருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவர்களின் போனும் பழைய போன் ஆனது. என்9 ரசிகர்களுக்கு ஒரு வருடம் முன்பு வந்த வலி இப்போது லூமியா ரசிகர்களுக்கு.

இன்று சாம்சங், கூகுள் போன்ற நிறுவனங்கள் மேடையிலேயே '7 வருடம் அப்டேட்' என்று சொல்லி விற்கின்றன. பிக்சல் 8-க்கு 2023-ல் கூகுளும், எஸ்24 வரிசைக்கு 2024-ல் சாம்சங்கும் அப்படி உறுதி கொடுத்தன. அறிமுக நாளில் கேமரா மெகாபிக்சலைவிட இந்த எண்ணை முதலில் தேடும் ரசிகர்கள் இப்போது இருக்கிறார்கள். கடையில் புது போன் வாங்கப்போகிறவர்களும் விற்பனையாளரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு இந்த வருடக் கணக்கு குறைவாக இருக்கும், விளம்பரத்தில் அது பெரிய எழுத்தில் வராது.

சலோவும் ஸ்ரீபெரும்புதூரும்

என்9 தயாரானது பின்லாந்தில் சலோ என்ற சிறு நகரத்தில் இருந்த நோக்கியா தொழிற்சாலையில். ஊரே அந்தத் தொழிற்சாலையை நம்பி இருந்தது. 2012 ஜூனில் அதை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது.

அப்படி ஒரு தொழிற்சாலைக் கதை தமிழ்நாட்டுக்கும் தெரியும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையில் கிராமத்துப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது, வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்துகொடுத்தது. அந்த ஒப்பந்தமும் நின்றதும் 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே பெரும்பாலானவர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள்.

என்9-ஐக் கைவிட்டதால்தான் ஸ்ரீபெரும்புதூர் மூடப்பட்டது என்று சொல்ல முடியாது. வரி வழக்கு தனிக்கதை, மலிவு ஆண்ட்ராய்டு போன்களின் வெள்ளம் தனிக்கதை. ஆனால், நோக்கியா போன்கள் விற்றுக்கொண்டே இருந்திருந்தால் அந்த ஆலைக்கு ஆர்டர் இருந்திருக்கும் என்பது சின்னக் கணக்குதான். 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், நோக்கியாவை வாங்கிய வகையில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது. கூடவே 7,800 வேலைகளையும் குறைத்தது.

சின்னப் படகு

என்9 செய்த குழுவில் சிலர் நோக்கியாவை விட்டு வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார்கள். பெயர், யொல்லா. ஃபின்னிஷ் மொழியில் அதற்குச் சின்னப் படகு என்று அர்த்தம். எரியும் மேடையிலிருந்து குதித்தவர்களுக்குப் படகு தேவைப்படும்தானே! மீகோவில் மிஞ்சியதை வைத்து அவர்கள் உருவாக்கிய மென்பொருளுக்கு செயில்ஃபிஷ் என்று பெயர். நம் கடலோரத்தில் மயில்மீன் என்பார்களே, அதுதான்.

2013 மே மாதம் யொல்லா போனை அறிவித்தார்கள். நவம்பரில் ஹெல்சிங்கியில் முதல் விற்பனை. 2014-ல் ஸ்னாப்டீல் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. என்9 ரசிகர்கள் பலர் அப்படியே இந்தப் பக்கம் வந்தார்கள். இந்த முறை பெரிய முதலாளி இல்லை, நடுவில் காலை வாரிவிட யாரும் இல்லை என்ற தைரியம்.

அந்தத் தைரியத்தில்தான் 2014 நவம்பரில் யொல்லா டேப்லெட்டுக்கு இன்டிகோகோ தளத்தில் முன்பணம் கேட்டபோது ரசிகர்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக்கொடுத்தார்கள். நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியது. 2016 தொடக்கத்தில், பணம் கட்டியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் டேப்லெட் அனுப்ப முடியும் என்று ஒப்புக்கொண்டது. மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது, அதுவும் முதலில் பாதி, மீதி பிறகு நிதி நிலைமையைப் பார்த்து.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கூட்டம் முழுதாகக் கலையவில்லை. 2017 முதல் சோனி எக்ஸ்பீரியா போன்களில் செயில்ஃபிஷை ஏற்றிக்கொள்ள யொல்லா வழி செய்தது. அதற்காக ஐரோப்பாவில் புது எக்ஸ்பீரியாவை விலை கொடுத்து வாங்கி, அதோடு வந்த ஆண்ட்ராய்டை முழுதாக அழித்துவிட்டு, செயில்ஃபிஷுக்குத் தனியாக 49.90 யூரோ உரிமக் கட்டணமும் கட்டினார்கள் அந்த ரசிகர்கள்.